முதல் மோட்டார் சைக்கிள்

கல்லூரிக்குப் போகும் மகன் மோட்டார் சைக்கிள் கேட்கிறான். வாங்கிக் கொடுக்கலாம். ஆனால், எதை வாங்குவது?

வேகமான வண்டி மீதுதான் அவனுக்கு ஆசை. பழகுகிறவனுக்கு அது ஆகாது. 100 அல்லது 125 சி.சி. வண்டியே போதும். உட்கார்ந்தால் இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டும்.

18 வயது ஆகாத பிள்ளையிடம் கியர் வண்டியைக் கொடுக்காதீர்கள். 2019-ம் ஆண்டு திருத்தப்பட்ட சட்டப்படி, பெற்றோருக்கு 25 ஆயிரம் ரூபாய் அபராதமும், 3 ஆண்டு வரை சிறையும் கிடைக்கும்.

வண்டிக்கு லட்ச ரூபாய் கொடுப்பவர்கள், ஹெல்மெட்டுக்குப் பேரம் பேசுகிறார்கள். சாலை ஓரத்தில் மலிவாகக் கிடைப்பதை வாங்குகிறார்கள். இது சரியா?

ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட்டே வாங்க வேண்டும். அது தலையில் இறுக்கமாகப் பொருந்த வேண்டும். தாடைப் பட்டையைப் பூட்டாவிட்டால், விழும்போது கழன்று ஓடிவிடும். ஒரு முறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடியும் போடக்கூடாது. உள்ளே இருக்கும் மெத்தை நசுங்கி இருக்கும். அடுத்த அடியைத் தாங்காது.

போலீஸ்காரரைக் கண்டதும் ஹெல்மெட் போடுகிறவர்கள் உண்டு. தலை போலீஸ்காரருடையது அல்ல!

பின்னால் உட்காரும் தாய்க்கும் ஹெல்மெட் வேண்டும்.

பெற்றோர்களே! முதலில் ஹெல்மெட் வாங்குங்கள். பிறகு வண்டி வாங்கலாம்.