லீவு போட முடியாத பதவி

தொண்டு நிறுவனம் நடத்தும் பெண்ணுக்கு விருது கொடுக்கும் மேடையில் ஒரு வரி தவறாமல் வரும்: "தன் குடும்பத்தையும் மறந்து உழைப்பவர்." கைதட்டலும் விழும். அந்த டிரஸ்டில் ஆள் போதவில்லை என்பதுதான் அந்த வரிக்கு அர்த்தம்.

குடும்பத்தை மறக்க யார் விடுகிறார்கள்? மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். இயக்குநர் என்று பெயர்ப்பலகை வைத்தால் காலை இட்லி தானாக வெந்துவிடாது.

அலுவலகத்திலோ ஆடிட், திட்ட அறிக்கை, டிசம்பர் 31-க்குள் வெளிநாட்டு நிதிக்கான ஆண்டுக் கணக்கு எஃப்.சி.-4 என்று வருடம் முழுக்க ஏதாவது கெடு நிற்கும். சிறிய டிரஸ்டில் இத்தனைக்கும் பொறுப்பு "மேடம்"தான். ராத்திரி பதினொரு மணிக்கு, "அக்கா, வீட்டுக்காரர் அடிச்சுட்டாரு" என்று கிராமத்திலிருந்து போன் வந்தால் எடுப்பவரும் அவரே.

இன்னொரு ஆளைப் போடலாமே என்பீர்கள். அதற்குத்தான் பணம் வராது. தையல் மிஷின் வாங்கித் தரும் நன்கொடையாளர், அதற்குக் கணக்கு எழுதுபவரின் சம்பளம் என்றதும் முகம் சுளிப்பார். வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவுக்கு இருந்த 50 சதவீத வரம்பை 2020-ல் சட்டத்திருத்தம் 20 ஆக்கியது. அலுவலக வாடகை, கணக்காளர் சம்பளம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். இடிக்கும்போது இயக்குநர் முதலில் குறைத்துக்கொள்வது தன் சம்பளத்தைத்தான். பிரசவத்துக்குப் போகும் ஊழியருக்குச் சட்டப்படி 26 வாரம் விடுப்பு கொடுப்பார். அந்த வேலையையும் தன் தலையில் ஏற்றிக்கொள்வார்.

டாக்டர் சாந்தா அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வளாகத்திலேயே வாழ்ந்தார். வணங்க வேண்டிய வாழ்க்கை. ஆனால் அதையே எல்லாப் பெண்களுக்கும் அளவுகோலாக வைப்பது நியாயமில்லை. 1972-ல் அகமதாபாத்தில் சுயதொழில் பெண்கள் சங்கமான 'சேவா'வைத் தொடங்கிய இலா பட், 1996-ல் பொதுச்செயலாளர் பொறுப்பிலிருந்து விலகினார். அமைப்பு கலைந்துவிடவில்லை, அடுத்தவர்கள் கையில் வளர்ந்தது. பொறுப்பேற்க ஆட்கள் தயாராக இருந்தால் விலகவும் முடியும், நாலு நாள் ஊருக்குப் போய்வரவும் முடியும். அப்படி ஆட்களைத் தயார் செய்யச் சம்பளம் வேண்டும், காலமும் வேண்டும்.

யோகாவும் நேர மேலாண்மை வகுப்பும் இதைத் தீர்க்காது. நன்கொடை தருகிறவர்களே, அடுத்த ப்ரபோசலில் துணை இயக்குநர் சம்பளம் என்ற வரியைப் பார்த்தால் அடித்துவிடாதீர்கள். அறங்காவலர்களே, அடுத்த கூட்டத்தில் இயக்குநர் கடைசியாக எப்போது விடுப்பு எடுத்தார் என்று கேளுங்கள்; வரும் பதிலை மினிட்ஸில் எழுதி வையுங்கள்.