எலும்பு முறிந்த பின்னும் சான்று வேண்டுமா?

இந்நாட்டில் வைத்தியம் இலவசம் என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். முழங்கட்டும், அதில் உண்மையும் உண்டு. ஆயின், இலவச மருந்துக்கு உரியவர் யார், அதை முடிவு செய்வது எது என்று நாம் கேட்டால் மேடை மௌனமாகிவிடுகிறது. 1978-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளிற் சுகாதாரம் இடம்பெறவில்லை என்பதை இவர்கள் சொல்வதுமில்லை.

எலும்பு நலிவு நோயையே எடுத்துக்கொள்வோம். மாதவிடாய் நின்ற பெண்களைப் பெரிதும் வருத்தும் நோய் இது. எலும்பு உள்ளூர அடர்த்தி குன்றும். முறியும்வரை வலி காட்டாது. பின்னர் முற்றத்தில் வழுக்கி விழுந்தாலே இடுப்பு முறியும். அவ்வாறு முறிந்த முதியோரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் ஓராண்டுக்குள் மாள்வதைப் பல நாடுகள் கண்டுள்ளன. இதற்கு மருந்து இல்லாமலில்லை. வாரம் ஒருமுறை விழுங்கும் 70 மில்லிகிராம் அலெண்ட்ரோனேட் குளிசை உண்டு. அமெரிக்காவில் அதன் காப்புரிமை 2008-இல் முடிந்தது. இன்று அது பல கம்பனிகள் செய்யும் மலிவான பண்டம்.

கலஹாவிலும் தெல்தோட்டையிலும் புசல்லாவையிலும் செங்குத்துச் சரிவுகளிற் கூடை சுமந்து கொழுந்து பறித்தே முதுமையடைந்த தாய்மாருக்கு அக்குளிசை கிட்டுமா? எலும்பின் அடர்த்தி மைனஸ் 2.5 என்ற அளவிலோ அதற்குக் கீழோ இருந்தால் நோய் என்று உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வகுத்தது. அதை அளக்கும் டெக்சா இயந்திரம் எந்தத் தோட்ட வைத்தியசாலையில் இருக்கிறது? அந்தச் சோதனைத் தாளின்றி மருந்தில்லை என்று எங்கு சொல்லப்பட்டாலும், அது ஏழையை வாசலிலேயே தடுக்கும் சட்டமாகும்.

இம்மக்களிடம் சான்று கேட்பது புதிதன்று. 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தகப்பன் இங்கே பிறந்ததற்குச் சான்று எங்கே என்று கேட்டது. காட்ட இயலாத இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர்; அவர்களுட் பலருக்கு விடிவு 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வரை வரவில்லை. அன்று பிறப்புக்குச் சான்று. இன்று எலும்புக்குமா சான்று?

மருத்துவ நூலே இதை மறுக்கிறது. சிறு வீழ்ச்சியில் இடுப்போ முள்ளந்தண்டோ முறிந்தால் அம்முறிவே நோய்க்குச் சான்று. முறிவு நேராதவர்க்கும், அடர்த்தியை அளக்காமலே ஆபத்தைக் கணிக்கும் ஃபிராக்ஸ் என்னும் கணிப்புமுறை உண்டு. இலங்கைக்கென அமைந்த கணிப்பும் அதில் உண்டு.

பணமில்லை என்பார்கள். 2022 மார்ச்சில் மருந்துத் தட்டுப்பாட்டாற் பேராதனை போதனா வைத்தியசாலையில் வழமையான சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டதை நாமும் மறக்கவில்லை. பண்டம் குறையும் காலத்திலேதான் எழுதிய விதி வேண்டும். விதியில்லாத இடத்திற் செல்வாக்கே முதலில் வரிசையில் நிற்கும். ஆஸ்திரேலியா தன் மானிய மருந்துக்கு, சிறு வீழ்ச்சியில் எலும்பு முறிந்தவர், 70 வயதை எட்டி அடர்த்தி குன்றியவர் என வெளிப்படையாக எழுதிவைத்துள்ளது. அவ்விதியிற் குறை காணலாம். ஆனால் அதைக் கையிற் பிடித்துக்கொண்டு ஒரு மூதாட்டி தனக்குரியதைக் கேட்கலாம். இங்கே எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது?

கண்டி திரித்துவக் கல்லூரியிற் பயின்று, பேராதனை மருத்துவபீடத்தின் முதற் பீடாதிபதியான சேனக பிபிலே, 1971-இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தைத் தொடங்கி, அவசிய மருந்தை மொத்தமாக மலிவாக வாங்கும் வழியைக் காட்டினார். அவ்வழி நம் கண்முன்னே கிடக்கிறது.

நாம் கேட்பவை மூன்று. முறிவு கண்டவர்க்குச் சோதனைத் தாள் கேளாது மருந்து வழங்குக. அருகிலுள்ள வைத்தியசாலையிலேயே அதை வழங்குக. உரியவர் யார் என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் வாசலில் எழுதி ஒட்டுக.

இது தோட்டத்தாருக்கு மட்டும் உரிய கோரிக்கையன்று. யாழ்ப்பாணத்துக் கமக்காரனின் தாய்க்கும், தும்பறைச் சிங்களக் கமக்காரனின் தாய்க்கும் எலும்பு ஒன்றே. வைத்தியர்களே, வழக்கறிஞர்களே, ஆசிரியர்களே, அக்கோரிக்கையை எழுத்தில் வடித்துக் கொடுங்கள்! கமக்காரர் சங்கங்களே, அதை உங்கள் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்புங்கள்! உரிமை எழுத்தில் ஏறாதவரை அது பிச்சையே. பிச்சை கேட்க நம் தாய்மாரை அனுப்ப நாம் தயாராயில்லை.