பேகன் போர்வையும் எங்க வீட்டு 100 வாட்ஸ் பல்பும்



மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனை நம் எல்லோருக்கும் தெரியும். கடையெழு வள்ளல்களில் ஒருவர். நம்ம பழனி மலைப் பக்கத்து அரசர். மயில் நடுங்குவதாக நினைத்துத் தன் போர்வையைக் கொடுத்துவிட்டார். எங்கள் வீட்டிலும் ஒரு பேகன் இருக்கிறான். அவன் என் அண்ணன்.

அண்ணன் மொட்டை மாடியில் ஹோமர் புறா வளர்க்கிறான். எல்லாம் பந்தயப் புறா. போன வருடம் மார்கழி பிறந்ததும் கூண்டைச் சுற்றித் தார்ப்பாய் கட்டினான். உள்ளே 100 வாட்ஸ் குண்டு பல்பு ஒன்றை மாட்டி விடிய விடிய எரியவிட்டான். ஏன் என்று கேட்டால், "கோழிப்பண்ணையில போடறாங்கல்ல? புறாவுக்கு மட்டும் குளிராதா?" என்றான்.

எங்க மாமா பல்லடம் பக்கம் கறிக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறார். அவரிடமே கேட்டேன். "அது குஞ்சுக்கு அம்மணி. குஞ்சு எறக்குன மொத ரெண்டு வாரம்தான் சூடு வேணும். றெக்கை மொளைச்ச பொறவு எதுக்கு?" என்றார்.

யோசித்துப் பார்த்தால் உண்மைதான். நம் உடம்பின் சூடு 37 டிகிரி. புறாவுக்கோ 41 டிகிரிக்கும் மேலே. குளிர் அடித்தால் அது இறகைச் சிலுப்பிப் பந்து மாதிரி உட்கார்ந்துகொள்ளும். இறகுக்குள் நிற்கும் காற்றுதான் அதற்குக் கம்பளி. ஹோமர் புறாவுக்குப் பேர்போன பெல்ஜியம் நாட்டில் பனியே கொட்டும். அதைத் தாங்கும் சாதிக்கு, 18 டிகிரி போகும் நம்ம கோயமுத்தூர் மார்கழி எம்மாத்திரம்?

அப்படியென்றால் புறாவுக்கு எது ஆகாது? ஈரம் ஆகாது. நேராக அடிக்கும் காற்று ஆகாது. அடைபட்ட காற்று ஆகவே ஆகாது. நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் மழை அதிகம். அந்த ஈரத்தோடு எச்சமும் சேர்ந்தால் அம்மோனியா வாயு கிளம்பும். நாலு பக்கமும் மூடி, உள்ளே சூடும் ஏற்றினால் கேட்கவே வேண்டாம். போன வருடம் காலையில் தார்ப்பாயை அவிழ்த்தால் எனக்குக் கண் எரியும். கூண்டு கூட்டுவது நான்தானே!

அதில்தான் சாம்பல் நிறப் பெட்டை ஒன்று வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. அண்ணன் குளிர் என்று நினைத்துப் பல்பை இன்னும் கிட்டே இறக்கினான். நாலாம் நாள் அது செத்துப் போனது. கால்நடை டாக்டரிடம் சொன்னபோது, "குளிரில்லம்மா, காத்தோட்டம் இல்லாததுதான்" என்றார். அன்றைக்கு அண்ணன் சாப்பிடவே இல்லை. அவன் பாசத்தை நான் குறை சொல்லவில்லை. பாசம் மட்டும் போதாது என்றுதான் சொல்கிறேன்.

வெளிச்சத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. நாமக்கல் முட்டைக்கோழிப் பண்ணைகளில் ராத்திரியும் விளக்குப் போடுவது சூட்டுக்காக இல்லை. பகல் நீளமாக இருப்பதாக நினைத்துக் கோழி நிறைய முட்டை இட வேண்டும் என்பதற்காக. பந்தயத்துக்குப் பறக்க வேண்டிய புறாவுக்கு ராத்திரி தூக்கம் வேண்டாமா?

பல்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. தாய் இல்லாத குஞ்சுக்கும், சீக்கு வந்த புறாவுக்கும் சூடு வேண்டும். அதைத் தனிப் பெட்டியில் வைத்துக் கொடுக்கலாம். மற்றவைக்குக் காற்று அடிக்கும் பக்கம் மட்டும் மறைப்பு, மேலே காற்று போக இடைவெளி, தினமும் சுரண்டிக் காயவிட்ட தரை, சாயங்காலத் தீனியில் ஒரு கை கூடுதல் மக்காச்சோளம். இது போதும்.

இந்த வருடம் அண்ணனோடு சண்டை போட்டு அப்படித்தான் செய்திருக்கிறோம். பல்பு எரியாமல் 15 நாள் ஆகிறது. எல்லாப் புறாவும் நன்றாக இருக்கின்றன.

கடைசியாக ஒரு கணக்கு. 100 வாட்ஸ் பல்பு ராத்திரி 12 மணி நேரம் எரிந்தால் 1.2 யூனிட். 30 நாளைக்கு 36 யூனிட். என் அம்மா மில்லில் நைட் ஷிப்ட் முடிந்து, விடிகாலைப் பனியில் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு வருவார். வந்ததும் அடுப்புப் பக்கம் போய்க் கையை நீட்டுவார். குளிருது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. மிச்சமாகும் கரண்டு காசோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கலாம் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். "சரி" என்றான்.

புறா வளர்க்கும் நண்பர்களே, கொடுப்பது நல்லதுதான். யாருக்குக் குளிருகிறது என்று பார்த்துக் கொடுப்போம்.

– ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி