சாவி திரும்பி வந்ததா?

கல்யாண வீட்டில் உக்கிராண அறைச் சாவியை யாரிடம் ஒப்படைப்பது என்பதற்கு எவ்வளவு யோசனை நடக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? அத்தையா, சித்தியா, மூத்த நாத்தனாரா என்று ஒரு மகாநாடே கூடிவிடும். கல்யாணம் முடிந்து கட்டுச்சாதக் கூடையும் கட்டியான பிறகு, "சாவி எங்கே?" என்று கேட்பவர் மட்டும் அபூர்வம்.

இதைச் சென்ற வாரம் ஒரு சிநேகிதியிடம் வேடிக்கையாகச் சொன்னேன். அவள் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் நிர்வாகம் பார்ப்பவள். "எங்கள் ஆபீஸிலும் இதே கதைதான்" என்று சிரித்தாள். பிறகு அவள் சொன்ன விஷயம் சிரிக்கக் கூடியதாக இல்லை.

அவர்கள் காரியாலயத்தில் 'கீக்ளோக்' என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. 2014-ல் வெளிவந்த இலவச மென்பொருள். யார் உள்ளே வரலாம், எதுவரை போகலாம் என்பதற்கெல்லாம் அதுதான் பேரேடு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அனுமதி எழுதி மாளாது அல்லவா? அதனால் கணக்கு, சம்பளம், விற்பனை என்று குழுக்கள் வகுத்திருக்கிறார்கள். ஒருவரைக் குழுவில் சேர்த்தால் போதும், அந்தக் குழுவுக்குள்ள அதிகாரமெல்லாம் அவருக்கு வந்துவிடும்.

இந்தச் சேர்ப்பதும் நீக்குவதுமான வேலையை இப்போது ஒரு காரியஸ்தன் செய்கிறான். மனிதன் அல்ல, 'ஏ.ஐ. ஏஜெண்ட்' என்கிறார்களே, அதுதான். ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்ற பொது விதிமுறையை வெளியிட்டது. ஆளைத் தேடு, குழுவைக் காட்டு, சேர், நீக்கு என்ற கருவிகளை அதன் மூலம் இவன் கையில் கொடுத்துவிடலாம். வாயால் சொல்கிற மாதிரி ஒரு வரி எழுதினால் காரியம் ஆகிவிடும்.

ஆனது! சம்பளப் பகுதியிலிருந்து விற்பனைக்கு மாற்றலான ஒரு பெண்ணைச் சம்பளக் குழுவிலிருந்து நீக்கச் சொல்லி, பெயரை மட்டும் எழுதினாள் என் சிநேகிதி. அந்தப் பெயரை நான் இங்கே சொல்லப் போவதில்லை. தெருவுக்கு நாலு பேர் வைத்துக்கொண்டிருக்கும் பெயர். அந்தக் குழுவிலேயே இருவர் இருந்தார்கள். காரியஸ்தன் முதலில் கண்ணில் பட்டவளை நீக்கிவிட்டு, "முடிந்தது" என்று பணிவோடு பதில் சொன்னான். நீக்கப்பட்டவள் லீவில் இருந்ததால் நாலு நாள் யாருக்கும் தெரியவில்லை.

அந்த நாலு நாளில், மாற்றலாகிப் போனவள் பழைய பழக்கத்தில் சம்பளப் பட்டியலைத் திறந்து பார்த்திருக்கிறாள். ஒரு குமாஸ்தாப் பெண்ணின் சம்பளத்தில் மாதா மாதம் பெரிய தொகை பிடித்தமாகிறது. தாயாரின் வைத்தியத்துக்கு வாங்கிய முன்பணம் அது. வீட்டாரைத் தவிர ஒருவரிடமும் அவள் சொல்லாத விஷயம். அது கான்டீனில் காபியோடு காபியாகப் பரிமாறப்பட்டது.

யந்திரத்தின் மேல் பழி போடுவது சுலபம். உண்மையில் கீக்ளோக்கில் ஒவ்வொரு நபருக்கும் ஒரு தனி அடையாள எண் உண்டு. சேர்ப்பதும் நீக்குவதும் அந்த எண்ணைக் கொண்டுதான் நடக்கிறது, பெயரைக் கொண்டு அல்ல. தேடிப் பொறுக்கிய இடத்தில்தான் கோளாறு. "இந்தப் பெயரில் இருவர் இருக்கிறார்கள், எவரை?" என்று கேட்கும்படி அவனுக்குச் சொல்லி வைக்கவில்லை. சம்பளக் குழு போன்ற இடத்தில் மனிதர் ஒருவர் பார்த்துச் சரி சொன்ன பிறகே கை வைக்க வேண்டும் என்ற கட்டுப்பாடும் இல்லை. நிர்வாகி செய்யும் மாறுதல்களைக் குறித்து வைக்கும் வசதி கீக்ளோக்கில் இருக்கிறது. ஆனால் நாமாக அதை இயக்கி வைத்தால்தான் எழுதும். இவர்கள் இயக்கி வைக்கவில்லை!

சரியான ஆளையே நீக்கினாலும் ஒரு சங்கதி உண்டு. உள்ளே வந்தவரிடம் ஏற்கெனவே ஒரு அனுமதிச் சீட்டு இருக்கும். சாதாரணமாக அதன் ஆயுள் 5 நிமிஷம். அது தீரும் வரையில் பழைய அதிகாரம் செல்லுபடியாகக் கூடும். உட்குழுவில் பெயர் தங்கிவிட்டாலோ, தாய்க் குழுவின் அதிகாரம் அதன் வழியாக வந்துகொண்டே இருக்கும்.

என் சிநேகிதி அந்தக் குமாஸ்தாப் பெண்ணிடம் நேரே போய் மன்னிப்புக் கேட்டாள். "நீங்கள் என்ன செய்வீர்கள், அக்கா" என்றாளாம் அந்தப் பெண். திட்டியிருந்தால் தேவலை என்றாள் இவள்.

இப்போது காரியஸ்தனுக்குச் சம்பளக் குழுவைப் பார்க்க மட்டுமே அனுமதி. மாதம் பிறந்தால் அங்கத்தினர் ஜாபிதாவை அவன் எடுத்துத் தர, இவள் ஒவ்வொரு பெயராக விசாரித்துத் தன் கையால் அடிக்கிறாள். முதல் ஜாபிதாவில் கம்பெனியை விட்டே போய்விட்டவர்கள் மூவர் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி கல்யாணமாகி வெளியூர் போய் இரண்டு வருஷம் ஆகிறதாம்.