வெள்ளை ஈக்கு விஷம் வேண்டாமே!

ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் தென்னை இல்லாத கொல்லையைப் பார்ப்பதே அரிது. 2018 நவம்பர் 16-ம் தேதி அதிகாலை கரையைக் கடந்த கஜா புயல், அந்தக் காட்சியை ஒரே இரவில் மாற்றிவிட்டது. விழுந்த மரத்தை அப்புறப்படுத்திவிட்டு, மறுபடி தென்னம்பிள்ளை வைத்த குடும்பங்கள் ஏராளம். நெட்டை ரகம் என்றால் காய்ப்புக்கு வர ஆறேழு வருடம் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்து வளர்த்த மரத்தில் மட்டையெல்லாம் கறுத்துப்போனால் யாருக்குத்தான் பதறாது?

பதற்றத்தில் பூச்சிமருந்துக் கடைக்கு ஓடுவதற்கு முன், ஓலையின் அடிப்பக்கத்தை ஒருமுறை பாருங்கள். கோலமாவைச் சுழித்து இழுத்ததுபோல வட்டம் வட்டமாக வெள்ளைப் படிவம் தெரிகிறதா? அது சுருள் வெள்ளை ஈ முட்டையிட்ட தடம். மத்திய அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த பூச்சி இது. நம் நாட்டில் முதன்முதலாகத் தென்பட்டது 2016-ல், பொள்ளாச்சிப் பகுதியில்.

இதன் குஞ்சுகள் ஓலையின் சாற்றை உறிஞ்சி, தேன்போன்ற கழிவை வெளியேற்றும். அது கீழ்மட்டைகளிலும், மரத்தடியில் நிற்கும் வாழை, கொய்யா இலைகளிலும் சொட்டும். அந்த இனிப்பில்தான் கரும்பூசணம் படர்கிறது. கறுப்பு மூடிய இலையில் வெயில் படாது; மரம் தனக்கான உணவைத் தயாரிப்பதும் குறையும்.

சரி, மருந்து ஏன் வேண்டாம்? இந்த ஈக்கு இயற்கையிலேயே ஓர் எதிரி உண்டு. என்கார்சியா என்ற, எறும்பைவிடச் சிறிய குளவி. நம்மைக் கொட்டாது. வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டை வைக்கும்; குஞ்சு கறுத்துச் செத்துப்போக, உள்ளிருந்து புதுக் குளவி வெளிவரும். விஷத்தை அடித்தால் இந்தக் காவல்காரனும் சேர்ந்து சாகும். பிறகு ஈ மறுபடி பெருகும்போது தடுக்க ஆள் இருக்காது.

வீட்டில் என்ன செய்யலாம்?

• ஹோஸ் பைப்பில் தண்ணீரை ஓலையின் அடிப்பக்கம் படும்படி வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள். மழையில்லாத மாதங்களில்தான் ஈ பெருகும். அப்போது இது ரொம்ப முக்கியம்.

• மஞ்சள் பிளாஸ்டிக் தாளில் விளக்கெண்ணெய் தடவி, ஆறடி உயரத்தில் கட்டுங்கள். ஈக்கள் வந்து ஒட்டிக்கொள்ளும். அவ்வப்போது துடைத்துவிட்டு, மறுபடி தடவுங்கள்.

• கறுப்புப் படிந்த ஓலைக்கு மைதாக் கஞ்சி. லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா போட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, வடிகட்டித் தெளியுங்கள். வெயிலில் காய்ந்து உரியும்போது பூசணமும் சேர்ந்து உதிரும்.

• பச்சை மட்டைகளை வெட்டி எரிக்காதீர்கள். வெள்ளைப் படிவத்துக்கு நடுவே கறுப்புப் புள்ளிகள் இருந்தால், அவை குளவி வளரும் குஞ்சுகள். அந்த ஓலைத் துண்டைக் கத்தரித்து, குளவி இல்லாத மரத்தில் செருகிவிடுங்கள்.

ஈக்கு வேலி தெரியாது. நீங்கள் பொறுமையாகக் குளவியைக் காப்பாற்ற, பக்கத்துக் கொல்லையில் விஷம் அடித்தால் பலன் இல்லை. அதனால் அக்கம்பக்கத்தாரிடமும் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால், கறுத்த ஓலை ஒன்றை எடுத்துக்கொண்டு வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்துக்கே போய்க் கேட்டுவிடலாம். ஆலங்குடிக்காரர்களுக்கு அது பக்கம்தானே!