டிக்கெட் கையில்... அபராதம் தலையில்!

மேல்படிப்புக்கு ஜெர்மனி கிளம்பும் மக்களே, குக்கர், ஊறுகாய், ஸ்வெட்டர் எல்லாம் பெட்டியில் வெச்சாச்சா? ஓகே. இப்போ மண்டையில் வெச்சுக்க ஒரு நம்பர்: 60. யூரோதான்! செல்லுபடியாகும் டிக்கெட் இல்லாமல் பஸ், ரயிலில் மாட்டினால் குறைந்தபட்ச அபராதம் அது. 2015-க்கு முன்னால் 40 யூரோவாக இருந்தது.

'நாமதான் வித்தவுட் போகப் போறதில்லையே, நமக்கென்ன?' என்கிறீர்களா? அங்கேதான் மேட்டரே! காசு கொடுத்து டிக்கெட் வாங்கினவரும் அங்கே மாட்டலாம்.

நம்ம சென்னை மெட்ரோ மாதிரி அங்கே கேட் கிடையாது. யாரும் தடுக்க மாட்டாங்க, நேரே போய் ஏறலாம். ஆனால், ஜீன்ஸும் ஜெர்கினுமாகப் பக்கத்தில் நிற்கிறவர் திடீரென்று அடையாள அட்டையை நீட்டி டிக்கெட் கேட்பார். அவர்தான் செக்கர்!

எங்கே சறுக்கும்?

முதலாவது, முத்திரை. பல ஊர்களில் டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது. அதைச் சின்ன மெஷினில் நுழைத்து தேதி, நேரம் குத்த வேண்டும். 'என்ட்வெர்ட்டன்' என்று எழுதியிருந்தால் அதுதான் மெஷின். பெர்லின் மெட்ரோவில் இது பிளாட்பாரத்திலேயே இருக்கும். ஏறுவதற்கு முன்பே குத்திவிட வேண்டும். சில ஊர்களில் குத்தியே வரும். டிக்கெட்டைப் படிச்சுப் பாருங்க.

இரண்டாவது, மண்டலம். பெர்லினில் ஏ, பி, சி என்று மூன்று. 2020-ல் திறந்த விமான நிலையம் இருப்பது சி-யில்! ஊருக்குள் போக 'ஏபி' டிக்கெட் எடுத்தால், வந்திறங்கிய முதல் நாளே வேட்டு. 'ஏபிசி' எடுங்க.

மூன்றாவது, பாஸ். 2023 மே மாதம் வந்த 'டாய்ச்லாண்ட் டிக்கெட்' நாடு முழுக்க உள்ளூர் பஸ், டிராம், மெட்ரோ, பாசஞ்சர் ரயிலில் செல்லும். ஐ.சி.இ. மாதிரி எக்ஸ்பிரஸில் செல்லாது. பாஸ் உங்கள் பெயரில் மட்டும்தான். ரூம்மேட்டுக்குக் கடன் கொடுக்க முடியாது.

மாட்டினால்?

ஓடாதீங்க, சண்டை போடாதீங்க. செக்கரின் அடையாள அட்டையைப் பாருங்க. ரசீது இல்லாமல் கையில் காசு கொடுக்கவே கூடாது. 'ஊருக்குப் புதுசு, மொழி தெரியாது' என்ற டயலாக் பெரும்பாலும் எடுபடாது. உங்கள் பெயரில் உள்ள பாஸை ரூமில் மறந்திருந்தால் பதறாதீங்க. ஒரு வாரத்துக்குள் அந்த நிறுவனத்திடம் காட்டினால் 60 யூரோ 7 ஆகக் குறையும். முத்திரை மெஷின் ரிப்பேரா? அதன் எண், நேரம், ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, எழுத்து மூலமாக ஆட்சேபம் அனுப்புங்க.

செய்யவே கூடாதது ஒன்று உண்டு. அந்தச் சீட்டைக் கசக்கிப் போடுவது! கெடு தாண்டினால் வசூல் கம்பெனி கைக்குப் போகும். செலவும் சேர்ந்து கடன் ஏறும். வீடு மாறினால் முகவரியைச் சொல்லுங்க, இல்லாவிட்டால் நினைவூட்டுக் கடிதம் பழைய வீட்டிலேயே தூங்கும்.

இதைவிட சீரியஸ் விஷயம்... தெரிந்தே டிக்கெட் இல்லாமல் போவது அங்கே குற்றம். ஜெர்மன் தண்டனைச் சட்டத்தின் 265ஏ பிரிவில் அபராதம் அல்லது ஒரு வருடம் வரை சிறை என்று இருக்கிறது. திரும்பத் திரும்ப மாட்டினால் நிறுவனம் போலீஸுக்குப் போகலாம். குற்ற வழக்கு என்று வந்தால் மாணவர் விசாவை நீட்டிக்கும்போது பதில் சொல்ல வேண்டி வரும். 'நாலு ஸ்டேஷன்தானே மச்சி, எவன் பார்க்கப் போறான்' என்று சொல்கிற சீனியர் அப்போது கூட வந்து நிற்க மாட்டார்.

கேட் இல்லாமல் உள்ளே விடுவது நம்மை நம்பித்தான். அந்த நம்பிக்கைக்கு விலை சில யூரோ டிக்கெட். உடைத்தால் 60. அப்பா கட்டிய கல்விக் கடனில் அதையும் சேர்க்கணுமா, பாஸ்?