வான்கோவின் ஊர்

ஓவியர் வின்சென்ட் வான்கோவின் பெயரைத் தமிழில் படிக்கும் மாணவன் முதலில் வானை நினைக்கிறான். அடுத்துக் கோ என்னும் மன்னனை நினைக்கிறான். குறும்புக்காரர் சிலருக்கு வான்கோழியும் நினைவுக்கு வரும். விண்மீன்கள் சுழலும் இரவைத் தீட்டிய கலைஞனுக்கு 'வானத்து அரசன்' என்ற பொருள் அழகாகத்தான் பொருந்துகிறது. ஆனால், அது உண்மைப் பொருள் அன்று.

டச்சு மொழியில் 'வான்' என்பது 'இருந்து' எனப் பொருள்படும் சிறு சொல். 'கோக்' என்பது நெதர்லாந்தின் எல்லையை ஒட்டி இன்றைய ஜெர்மனியில் உள்ள ஓர் ஊர். ஆகவே, இப்பெயர் 'கோக் ஊரிலிருந்து வந்தவர்' என்ற பொருளுடையது என்பர் அறிஞர். ஊர்ப்பெயரை முதலெழுத்தாகச் சுமக்கும் நம்மவர்க்கு இவ்வழக்கம் புதிதா என்ன?

டச்சுக்காரர் இச்சொல்லை அளவறிந்து ஆள்கின்றனர். இயற்பெயருடன் சேர்த்து எழுதும்போது 'வான்' சிறிய எழுத்தில் தொடங்கும்; குடும்பப்பெயரை மட்டும் எழுதினால் பெரிய எழுத்தில் தொடங்கும். நெதர்லாந்தின் அகரவரிசையில் இவரை 'வி' எழுத்தில் தேடினால் கிடைக்கமாட்டார். 'ஜி' எழுத்தில்தான் இருப்பார்.

ஆங்கிலத்தில் நுழைந்ததும் இந்த ஒழுங்கு குலைகிறது. அமெரிக்கர் 'வேன் கோ' என்கின்றனர். ஆங்கிலேயர் பலர் 'வேன் காஃப்' என்கின்றனர். டச்சு மொழியிலோ அப்பெயரின் இறுதி ஒலி, நம் ஆய்தம்போல, தொண்டையில் உராய்ந்து பிறப்பது. பிறர் நாவில் தம் பெயர் படும் பாட்டை ஓவியரே அறிந்திருந்தார். 1888-இல் பிரான்சின் ஆர்ல் நகரிலிருந்து தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில், இங்குள்ளோர்க்குக் குடும்பப்பெயரை ஒலிக்க வராது. ஆகவே, கண்காட்சிப் பட்டியலில் 'வின்சென்ட்' என்றே போடவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். உலகம் அவ்விருப்பத்தைக் கேட்கவில்லை.

பீத்தோவன் கதை இன்னும் சுவையானது. அவருடைய பாட்டனார் இன்றைய பெல்ஜியத்தின் மெக்கலன் நகரத்தவர். அவ்வழி வந்த 'வான்' என்னும் சொல்லை, ஜெர்மானிய உயர்குடியினரின் 'ஃபான்' போன்றதென வியன்னாவில் பலர் எண்ணினர். 1818-இல், தம்பி மகனை வளர்க்கும் உரிமைக்கான வழக்கில் உண்மை வெளிப்பட்டது. உயர்குடியினருக்கான நீதிமன்றம் அவ்வழக்கைப் பொதுமக்களுக்கான நீதிமன்றத்துக்கு மாற்றிவிட்டது. ஒரு சிறு சொல் ஒரு மேதையின் தகுதியையே மன்றத்தில் நிறுத்தியது! இன்று ஆங்கிலத்தில் 'வான்' நீங்கிய பீத்தோவனும், 'வான்' நீங்காத வான்கோவும் அருகருகே வாழ்கின்றனர். இதில் என்ன முறை இருக்கிறது?

"வழக்கே வலிது, பெயர் திரிந்தால் என்ன கேடு?" என்பார் உண்டு. அவர்கள் அமெரிக்காவைக் காட்டுவர். 1664-இல் நியூ ஆம்ஸ்டர்டாம் ஆங்கிலேயர் வசமாகி நியூயார்க் ஆயிற்று. அங்கு வாழ்ந்த டச்சுக் குடும்பங்களின் பெயர்களும் நாளடைவில் ஆங்கிலக் கோலம் பூண்டன. டி பில்ட் ஊரார் 'வாண்டர்பில்ட்' என ஒரே சொல்லாயினர். 'ரோஜா வயல்' எனப் பொருள்படும் பெயர், 'வான்' நீங்கி 'ரூஸ்வெல்ட்' ஆகி, இரு குடியரசுத் தலைவர்களைத் தந்தது. டச்சு மொழியையே தாய்மொழியாகக் கொண்டு வளர்ந்த மார்ட்டின் வான் பியூரன், 1837-இல் அந்நாட்டின் தலைவரானார்.

இவற்றை நான் குறை கூறவில்லை. புதுமண்ணில் வேரூன்றிய குடும்பம் தன் பெயரைத் தானே மாற்றிக்கொள்வது அதன் உரிமை. பெயருக்குரியவர் மாற்றுவது வேறு. பிறர் அக்கறையின்மையால் சிதைப்பது வேறு. ஆங்கிலேயராக ஒருநாளும் ஆகாத ஓவியரை ஆங்கில ஒலியில் ஏன் அழைக்கவேண்டும்?

இவ்வினா நம்மையும் சுடுகிறது. அயல்நாட்டுப் பெயர்களை நாம் பெரும்பாலும் ஆங்கிலச் சன்னல் வழியாகவே காண்கிறோம். அமெரிக்கர் விழுங்கிய இறுதி ஒலியை நாமும் விழுங்கி 'வான்கோ' என்கிறோம். 'வான் கோக்' என்று எழுதத் தமிழில் எழுத்தா இல்லை? மூலமொழியை ஒட்டி எழுதுவதே முறை என்பேன். வழங்கிவிட்ட வடிவத்தை மாற்ற மனம் வராதெனில், அதன் பொருளையேனும் அறிந்து வழங்குவோம். தம் ஊர்ப்பெயர் பிறர் நாவில் சிதையும்போது நோகும் தமிழர்க்கு, இன்னொருவர் ஊர்ப்பெயரைக் காக்கும் கடமையும் உண்டு.